மாத்திரையை நிறுத்தச் சொல்லும் மருந்து

(கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. இதழுக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டுள்ளது.)



பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க செல்போனை எடுங்க. வாட்ஸ்அப்பில் தேடும் இடத்தில் 'சர்க்கரை' என்று தட்டிப் பாருங்கள். பொங்கல் வாழ்த்தும் ரேஷன் கடைச் செய்தியும் போக, மீதி வருவதைக் கொஞ்சம் கவனியுங்கள். 'ஒரே வாரத்தில் சர்க்கரை ஓடிப்போகும்', 'டாக்டர்கள் மறைக்கும் ரகசியம்', '48 நாளில் இன்சுலினுக்கு டாட்டா'. இப்படி ஒரு செய்தியாவது உங்கள் போனில் இருக்கும். யார் அனுப்பினார்கள் என்றும் பாருங்கள். பெரும்பாலும் முகம் தெரியாதவர் இல்லை. மாமா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, கூடப் படித்த நண்பர். நம்ம மேல அக்கறை உள்ளவங்கதான் அனுப்பியிருப்பாங்க.

எங்கள் குடும்பக் குழுவில் அப்படி ஒன்றை அனுப்பியது நான்தான்.

அப்போது நான் இதழியல் படித்துக்கொண்டிருந்தேன். செய்தியை எப்படிச் சரிபார்ப்பது என்று வகுப்பில் பாடம் நடக்கும். அதே போனில் விடுதி அறைக்கு வந்து, படிக்காமலே பத்து செய்தியைத் தள்ளிவிடுவேன். அதில் ஒன்று, ஒரு மூலிகைச் சூரணத்தைப் பற்றியது. ஒரு மண்டலம், அதாவது 48 நாள் சாப்பிட்டால் சர்க்கரை வேரோடு போய்விடும், ஆங்கில மாத்திரையை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே ஒரு போன் நம்பர். பணம் அனுப்பினால் கூரியரில் வரும்.

மன்னார்குடி பக்கம் இருக்கும் என் பெரியம்மா அந்த நம்பருக்குப் போன் போட்டார். அவருக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கி ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தவர். சூரணம் வந்த அன்றே மாத்திரை அட்டையை எடுத்துப் பீரோ மேல் போட்டுவிட்டார். எங்க யார்கிட்டயும் சொல்லல.

மூன்றாவது வாரம் போன் பண்ணியபோது, "உடம்பு நல்லா லேசா இருக்குடி, நாலு கிலோ குறைஞ்சிட்டேன்" என்றார். எனக்கும் சந்தோஷம். உடம்பு லேசானது மருந்தால் இல்லை, ஏறிக்கொண்டே போன சர்க்கரையால் என்று அப்போது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ரத்தத்தில் சர்க்கரை கட்டுமீறி ஏறினால், உடம்பு அதைப் பயன்படுத்த முடியாமல் தன் கொழுப்பையும் தசையையும் கரைக்கும். எடை குறையும். அடிக்கடி சிறுநீர், தாகம் என்று மற்ற அறிகுறிகளும் வரும். வெயில் காலம் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது மாதம், செருப்பு வார் உரசி இடது காலில் ஒரு சின்னப் புண். வலி இல்லை. சர்க்கரை கூடி நரம்பு மரத்துப்போனால் வலி தெரியாது. அதுதான் அதில் உள்ள ஆபத்து. மருத்துவமனைக்குப் போனபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கால் தப்பியது. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா பாதமே போயிருக்கும்" என்றார் மருத்துவர்.

வார்டில் போய்ப் பார்த்தபோது பெரியம்மா என்னைத் திட்டவே இல்லை. "நீ படிச்ச புள்ள, நீ அனுப்பிருக்கன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

இன்றைக்கு நான் உங்கள் முன் பேசுவதற்கு அந்த ஒரு வரிதான் காரணம். நான் மருத்துவர் இல்லை. செய்தி எழுதுகிறவள். ஒரு செய்தி எப்படி ஒருவரை நம்ப வைக்கிறது, நம்பியபின் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் பேச முடியும்.

முதல் கேள்வி. ஏன் நம்புகிறோம்? நாம் விவரமில்லாதவர்கள் என்பதால் இல்லை. நீண்டகால நோய் மனுஷனை அலுக்க வைக்கும். காய்ச்சல் என்றால் மூன்று நாள் மாத்திரை, அப்புறம் மறந்துவிடலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவாதம், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு எல்லாம் அப்படி இல்லை. "காலம் பூரா மாத்திரையா?" என்ற கேள்வி தினமும் காலையில் வரும். புற நோயாளிப் பிரிவில் கூட்டம். மருத்துவருக்கு உங்களிடம் பேச ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். சூரணம் விற்கிறவரோ அரை மணி நேரம் பேசுகிறார். "சாப்பாடு என்ன, தூக்கம் எப்படி, வீட்ல நிம்மதியா இருக்கீங்களா" என்று கேட்கிறார். "குணமாகிடும்" என்று உறுதி தருகிறார். இந்த வார்த்தையை எந்த மருத்துவரும் பெரியம்மாவிடம் சொன்னதே இல்லை.

இந்தியாவில் எத்தனை பேருக்கு இந்த அலுப்பு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர். பொய்யான உறுதியை விற்பதற்கு இதைவிடப் பெரிய சந்தை எது?

இரண்டாவது கேள்வி. "எனக்குத் தெரிஞ்சவருக்குக் குணமாச்சே, அது பொய்யா?" என்று கேட்பீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்த்ததற்கு வேறு காரணங்கள் இருக்கலாம்.

சூரணத்தோடு ஒரு பத்தியச் சீட்டும் வரும். அரிசியைக் குறை, இனிப்பை விடு, காலையில் நட, இரவு சீக்கிரம் சாப்பிடு. இதைச் செய்தாலே பலருக்குச் சர்க்கரை குறையும். பேர் மட்டும் சூரணத்துக்குப் போய்ச் சேரும்.

நீண்டகால நோய் ஒரே மட்டத்தில் நிற்காது, ஏறி இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூட்டுவலி ரொம்ப மோசமான நாளில்தான் புது மருந்தைத் தேடுவோம். மோசமான நாளுக்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் நல்ல நாள் வரும். அந்த நேரத்தில் கையில் எந்த டப்பா இருக்கிறதோ, அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும்.

குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோயில் இது உயிருக்கே ஆபத்து. நோய் கண்டுபிடித்து இன்சுலின் ஆரம்பித்த சில வாரங்களில், கணையத்தில் மிஞ்சியிருக்கும் செல்கள் கொஞ்ச காலம் தலைதூக்கும். இன்சுலின் தேவை குறையும். மருத்துவர்கள் இதைத் 'தேனிலவுக் காலம்' என்பார்கள். சில வாரங்களோ மாதங்களோ நீடிக்கும், அப்புறம் முடிந்துவிடும். அந்தச் சமயத்தில் யாராவது கஷாயம் கொடுத்திருந்தால், கஷாயம்தான் வேலை செய்கிறது என்று பெற்றோர் நம்பிவிடுவார்கள். இன்சுலினை அடியோடு நிறுத்திவிட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறி, சில நாட்களிலேயே குழந்தை மயக்கத்துக்குப் போய்விடும், உயிரும் போகலாம். 1922 ஜனவரியில் கனடாவின் டொரொண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு வருடத்துக்கு மேல் பிழைத்ததில்லை. உலகம் அந்தக் காலத்திலும் மூலிகை நிறைந்ததாகத்தான் இருந்தது. தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீங்க: முதல் வகை நோய் உள்ள பிள்ளைக்கு இன்சுலின் என்பது மூச்சு மாதிரி.

இன்னொரு காரணமும் உண்டு. சில பொடிகள் உண்மையிலேயே சர்க்கரையைக் குறைக்கும். ஏனென்றால் உள்ளே அதே ஆங்கில மாத்திரையை அரைத்துப் போட்டிருப்பார்கள். 2009 ஜனவரியில் சீனாவின் சின்ஜியாங் பகுதியில், மூலிகை மருந்து என்று விற்ற சர்க்கரை மாத்திரையைச் சாப்பிட்ட இரண்டு பேர் இறந்தார்கள். சோதித்தபோது அதில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரைக் குறைப்பு மருந்து அளவுக்கு மீறி இருந்தது தெரிந்தது. மூட்டுவலி, ஆஸ்துமா பொடிகளில் இப்படி ஸ்டீராய்டு கலப்பது உலகம் முழுக்கக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முதல் வாரமே வலி பறந்துவிடும். அப்புறம் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும். அளவு தெரியாத மருந்தைச் சாப்பிடுகிறோம் என்பதே சாப்பிடுகிறவருக்குத் தெரியாது.

மூன்றாவது, "இயற்கைதானே, நல்லது செய்யலைன்னாலும் கெடுதல் செய்யாதுல்ல?" இதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். மூன்று உதாரணம் சொல்றேன்.

கேரளத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் இரும்பன்புளி. நம்ம கன்னியாகுமரிப் பக்கமும் உண்டு. மீன் குழம்பில் நாலு போட்டால் ஒன்றும் ஆகாது. கொழுப்பு குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதையே கெட்டியாகச் சாறு பிழிந்து குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது. அப்படிப் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அங்குள்ள சிறுநீரக மருத்துவர்கள் 2013இல் கட்டுரை எழுதினார்கள். அதில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காரணம், அந்தக் காயில் நிறைந்திருக்கும் ஆக்சலேட் உப்பு.

சுரைக்காய்ச் சாறு. 2010இல் டெல்லியில், வழக்கமாக அதைக் குடித்து வந்த விஞ்ஞானி ஒருவர் கசப்பான சாற்றைக் குடித்து இறந்தார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று அந்தக் குழு சொன்னது. நம் வீட்டுப் பாட்டிகள் சுரைக்காயை நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள், ஞாபகம் இருக்கா? அந்தப் பழக்கத்துக்கு அர்த்தம் இருக்கிறது. பாகற்காயையும் சேர்த்து அரைத்துவிட்டால், கசப்பு எதிலிருந்து வருகிறது என்றே தெரியாமல் போய்விடும்.

மூன்றாவது, ஆடுதின்னாப்பாளை. இதிலும் இதன் இனத்தைச் சேர்ந்த மற்றச் செடிகளிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைப்பு மாத்திரையில் இந்த இனச் செடி ஒன்று கலந்துவிட்டது. அதைச் சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் சுருங்கிச் செயலிழந்தது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஆடுகூடத் தின்னாத செடி என்று நம் முன்னோர் பெயரிலேயே எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

கன உலோகங்களையும் சொல்ல வேண்டும். இணையத்தில் விற்கப்படும் ஆயுர்வேத மருந்துகள் 193ஐ வாங்கி அமெரிக்க மருத்துவர்கள் சோதித்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. ஐந்தில் ஒன்றில் காரீயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. விற்கப்பட்டவை இந்தியத் தயாரிப்பும் அமெரிக்கத் தயாரிப்பும்தான். கடைசியில் இந்த நஞ்சை வடிகட்டும் வேலை யாருடையது? ஏற்கெனவே சர்க்கரையால் களைத்துப்போன சிறுநீரகத்துடையது.

நான்காவது, எல்லாரும் கேட்கிற அந்தப் பயம். "ஆங்கில மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்." சூரணம் விற்பவர்களின் முதல் வாக்கியமே இதுதான். பெரியம்மாவும் இதற்காகத்தான் மாத்திரையை நிறுத்தினார்.

நடப்பது இதுதான். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் கட்டுப்படாத ரத்த அழுத்தமும். சர்க்கரைக்கு முதலில் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் சிறுநீரகம் வேறு காரணத்தால் ரொம்பப் பலவீனமாகிவிட்டால், மருந்து உடம்பில் தேங்கிவிடும் என்பதால் மருத்துவர் மெட்ஃபார்மினை நிறுத்திவிடுவார். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? "கிட்னி போச்சாம், அந்த மாத்திரையை நிறுத்திட்டாங்களாம்" என்று தெரியும். அடுத்த வீட்டுக்குப் போகும்போது, "அந்த மாத்திரையாலதான் கிட்னி போச்சாம்" என்று ஆகிவிடும். வதந்தி பிறப்பது இப்படித்தான். பெரும்பாலும் யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்வதில்லை; வரிசை மட்டும் மாறிவிடுகிறது.

சிறுநீரகத்துக்கு உண்மையில் கெடுதல் செய்யும் ஆங்கில மருந்தும் உண்டு. மருத்துவரிடம் கேட்காமல் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் அந்த வகை. அதைப் பற்றி மட்டும் எந்த வாட்ஸ்அப் செய்தியும் வருவதில்லை.

இந்த இடத்தில் சிலர் எழுந்து, "அப்போ சித்த மருத்துவமே தப்புன்னு சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். கூட்டத்திலும் ஓர் ஐயா கேட்டார். இல்லை ஐயா. தமிழ்நாட்டில் சித்த மருத்துவத்துக்கு அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. பாளையங்கோட்டையில் இருக்கிறது, அரும்பாக்கத்தில் இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் ஐந்தரை ஆண்டு படித்து, பதிவு செய்த மருத்துவர். உங்களுக்கு அந்த வழியில் நம்பிக்கை இருந்தால் அவரிடம் போங்கள். அவர் உங்கள் பழைய சீட்டைப் பார்ப்பார், ரத்தப் பரிசோதனை கேட்பார், மறுபடி வரச் சொல்வார். ஏதாவது ஆனால் அதே நாற்காலியில் மறுநாளும் இருப்பார். கூரியரில் பொடி அனுப்பியவரின் நம்பரை, பெரியம்மா மருத்துவமனையில் இருந்தபோது நான் பத்து முறை அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

எந்த மருத்துவ முறையாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். இதற்குப் பரிசோதனை முடிவு இருக்கிறதா, பொறுப்பேற்க ஆள் இருக்கிறாரா?

"அப்போ காலம் பூரா மாத்திரையேதானா?" எல்லாருக்கும் அப்படி இல்லை. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2017இல் பிரிட்டனில் வெளியான 'டைரக்ட்' என்ற ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள் சேர்ந்தார்கள். கண்காணிப்போடு கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் எடையைக் குறைத்தார்கள். ஓராண்டு முடிவில் அந்தக் குழுவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. அதாவது, மாத்திரையைக் குறைக்கவும் நிறுத்தவும் சிலருக்கு வழி உண்டு. அந்த வழியில் ரகசியம் எதுவும் இல்லை, டப்பாவும் இல்லை. எடை, உணவு, நடை, பரிசோதனை. எப்போது நிறுத்தலாம் என்பதை முடிவு செய்வது எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையும் அதைப் படித்துப் பார்க்கும் மருத்துவரும். 48 நாளில் உடம்பு லேசாக இருப்பதை வைத்து நாமே முடிவு செய்யக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் தொடர்பான ஆட்சேபகரமான விளம்பரங்கள் தடைச் சட்டம் 1954ஆம் ஆண்டே வந்துவிட்டது. அதன் அட்டவணையில் 54 நோய்கள் இருக்கின்றன. சர்க்கரை, புற்றுநோய், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கல், வலிப்பு எல்லாம் அதில் உண்டு. இவற்றைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்வதே குற்றம். முதல் முறை சிக்கினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆக, '100 சதவீதம் சர்க்கரை குணமாகும்' என்ற சுவரொட்டியைப் பார்த்தால், மருந்து நல்லதா கெட்டதா என்று ஆராய வேண்டியதே இல்லை. அந்த வாக்கியமே சட்டத்தை மீறிய வாக்கியம்.

இனி, கையில் இருக்கும் வசதிகள். பெரியம்மாவுக்கு அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பதைத்தான் சொல்கிறேன்.

சந்தேகம் வந்தால் 104க்கு அழையுங்கள். அரசின் மருத்துவ ஆலோசனை எண். "இந்த மாதிரி ஒரு பொடி சொல்றாங்க, சாப்பிடலாமா?" என்று தமிழிலேயே கேட்கலாம். கட்டணம் இல்லை. மயக்கம், மூச்சுத் திணறல், நினைவு தடுமாற்றம் என்றால் யோசிக்காமல் 108.

மாத்திரை வாங்கப் போக முடியவில்லை என்பதால் விட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சை, வலி நிவாரண சிகிச்சை, வீட்டில் செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான பைகளும் இதில் அடங்கும். உங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலர் யார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அங்கேயே சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிட்னியைப் பற்றிய பயத்துக்குச் சரியான பதில் அந்தப் பரிசோதனைதான். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணை முன்கூட்டியே கண்டறிய 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் இருக்கிறது. வலிக்காத புண்ணாக இருந்தாலும் போய்க் காட்டுங்கள்.

செலவுக்குப் பயந்து மூலிகைக்குப் போகிறவர்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். விவரம் கேட்க 1800 425 3993. பணம் வாங்கிக்கொண்டு பொருள் அனுப்பாமல் ஏமாற்றினால், உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். வாங்கிய பொருள் பற்றிய புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சித்த, ஆயுர்வேத மருந்து வாங்கினால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பாளரின் முழு முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல். இவை அச்சில் இருக்க வேண்டும். வெறும் பாலித்தீன் பையில் பொடி வந்தால், அதை யார் செய்தார், எதில் செய்தார் என்று கேட்க உங்களுக்கு வழியே இல்லை.

கடைசியாக மூன்று வேண்டுகோள்.

ஒன்று, நிறுத்தாதீங்க. எந்த மருந்தாவது "முதலில் உன் மாத்திரையை நிறுத்து" என்று சொன்னால், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பொடி சும்மா இருந்துவிடலாம். நிறுத்திய மாத்திரை சும்மா இருக்காது.

இரண்டு, மறைக்காதீங்க. கஷாயம், சாறு, லேகியம் என்று எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவாரோ என்று பயந்து மறைப்பதால்தான் பாதிக் கேடு வருகிறது. பேச நேரம் கிடைக்காது என்றால், கேட்க வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். டப்பாவையும் கையில் எடுத்துப் போங்கள். மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: நோயாளி தயங்கித் தயங்கிச் சொல்லும்போது கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் கேட்காத அந்த இரண்டு நிமிடத்தைத்தான் வேறொருவர் விலைக்கு விற்கிறார்.

மூன்று, அனுப்பாதீங்க. அக்கறை இருந்தால் செய்தியை அனுப்புவதற்குப் பதில் அவருக்கு ஒரு போன் போடுங்கள். "இந்த மாசம் மாத்திரை வாங்கினீங்களா? போன தடவை சுகர் எவ்வளவு இருந்துச்சு?" என்று கேளுங்கள். யாராவது குழுவில் போட்டால், எல்லார் முன்னாடியும் சண்டை போட வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு, "அத்தை, இதை யார் எழுதினதுன்னு தெரியுமா?" என்று கேட்டாலே போதும். பெரியவர்கள் குழுவில் அவமானப்பட்டால் அடுத்த முறை மறைத்துச் செய்வார்கள்.

பெரியம்மா இப்போது நன்றாக இருக்கிறார். மாதம் ஒருமுறை தன்னார்வலர் வீட்டுக்கு வருகிறார். அகலமான செருப்பு போட்டுக்கொண்டு, கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறார். தினமும் ராத்திரி உள்ளங்காலை ஒரு சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். ஏதோ ஒரு இலையைக் காய்ச்சிக் குடித்தால் கண் புரை கரைந்துவிடுமாம். கீழே அவரே குரல் பதிவு போட்டிருந்தார். "யாரோ அனுப்புனாங்கடி. நான் யாருக்கும் அனுப்பல. உண்மையான்னு பாத்துச் சொல்லு."

பார்த்தேன். உண்மை இல்லை என்று சொன்னேன். அடுத்த வாரம் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார்.

இன்று வீட்டுக்குப் போனதும், ஆரம்பத்தில் நீங்கள் தேடிப் பார்த்தீர்களே, அந்தச் செய்திகளில் ஒன்றை எடுங்கள். அதை அனுப்பியவருக்கு ஒரு போன் போடுங்கள். அவருடைய மாத்திரை அட்டை எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். பீரோ மேலே இருந்தால், இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.